விரல் அகலம் தள்ளிய டைமிங்

பாகம் பிரித்த நாளிலிருந்து என் தம்பி என்னைத் தன் வீட்டுக்கு அழைத்ததில்லை. நிலமும் வீடும் கிணறும் பிரிந்துவிட்டன. அப்பாவின் பழைய பெட்ரோல் டிராக்டர் மட்டும் பொதுவில் நின்றது. அதை விற்க இருவர் சம்மதமும் வேண்டும். திடீரென்று ஆள்விட்டுக் கூப்பிட்டதன் காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது.

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். எவ்வளவு கீழான காரியத்துக்கு அழைக்கிறார்களோ அவ்வளவு சுத்தமாகப் போக வேண்டும் என்பது என் வழக்கம்.

கொட்டகையில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பனை போட்ட பிணம் மாதிரி உடம்பெல்லாம் சிவப்புப் பெயின்ட். முன்தகட்டில் அப்பா பெயர் இருந்த இடத்திலும் அது வழிந்திருந்தது. பக்கத்தில் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் நின்றார். வாங்க வந்தவர்.

"எனக்கு இன்ஜினைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. உங்க அப்பா வார்த்தைக்கு ஊர்ல இருந்த மரியாதை மட்டும் தெரியும். பெரியவர் நீங்க 'நல்லா இருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இப்பவே முடிச்சுடறேன்."

நான் சத்தத்தைக் கேட்டேன். வயிறு முட்டச் சாப்பிட்டவன் ஏப்பம் விடுவதுபோல் மந்தமாக ஓடியது. புகைபோக்கியின் அடி செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது.

"ஏன்டா, பைப்பு இப்படிக் காயுது?"

"பழைய வண்டிண்ணே, சூடாகத்தான் செய்யும். வயசானா உங்களுக்கே சூடாகுதில்ல?" என்றான் தம்பி. கண்ணாடிக்காரர் சிரித்தார். நான் குனிந்து பார்த்தேன்.

பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர், இன்ஜினில் உட்காரும் இடத்தில் அப்பா உளியால் ஒரு கோடு வெட்டியிருந்தார். பாதி டிஸ்ட்ரிபியூட்டர் மேல், பாதி இன்ஜின் மேல். இரண்டும் நேராக இருந்தால் பொறி விழும் நேரம், அதாவது டைமிங், ஏறக்குறையச் சரி. இப்போது இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம். இறுக்கும் போல்ட்டின் தலையில் ஸ்பேனர் பட்ட புதுக்கீறல்.

பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குக் கொஞ்சம் முன்பே பொறி விழ வேண்டும். தாமதித்து விழுந்தால் அடி மெத்தென்று இறங்கும். தேய்ந்த பேரிங் தட்டுகிற சத்தம் வெளியே வராது. வண்டி இழுக்காது, கொதிக்கும், பெட்ரோலைக் குடிக்கும். காதுக்கு மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கும். இந்தப் பித்தலாட்டத்தை அப்பா எங்களுக்குச் சொல்லித் தந்ததுண்டு, அடுத்தவனிடம் ஏமாறாமல் இருப்பதற்காக.

இன்ஜினை நிறுத்தி ஸ்பேனர் கேட்டேன். தம்பி என்னைத் தோளோடு அணைத்து மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனான். அவன் பூசியிருந்த சென்ட் குமட்டியது.

"அண்ணே, தலைய மட்டும் ஆட்டுங்க. உங்க பங்கு உங்க வீடு தேடி வரும்."

"கையை எடுடா."

டிராக்டரின் பெட்டியிலிருந்து ஸ்பேனரை நானே எடுத்துக்கொண்டு, சூடு ஆறக் காத்திருந்தேன். பிறகு முதல் பிளக்கைக் கழற்றி, துளையில் கட்டைவிரலை வைத்து, மறுகையால் ஹேண்டிலை மெல்லச் சுற்றினேன். காற்று விரலை உந்தித் தள்ளியது. இன்ஜினோடு சுற்றும் பிளைவீலில் உள்ள குறி, அதன் உறையிலுள்ள சிறு ஜன்னலின் முள்ளுக்கு நேரே வரும்வரை சுற்றி நிறுத்தினேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை விடும் பாயின்ட் தேய்ந்திருக்கும் என்பதால் உளிக்கோட்டை மட்டும் நம்பக் கூடாது. போல்ட்டைத் தளர்த்தி, மூடியைத் திறந்து, பாயின்ட் இடுக்கில் மெல்லிய காகிதம் ஒன்றைச் செருகி, லேசாக இழுத்துப் பிடித்தபடி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினேன். பாயின்ட் திறந்து காகிதம் பிடி விட்டு வழுக்கிய கணத்தில் நிறுத்தி, போல்ட்டை இறுக்கினேன்.

"பெரியவர் வண்டிக்கு நாடி பிடிக்கிறார்," என்று வாசலில் நின்ற தம்பி மனைவி யாருக்கோ சொன்னாள்.

மூடியையும் பிளக்கையும் திரும்பப் பூட்டி ஹேண்டிலைச் சுற்றினேன். ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்தது. ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்தபடி கியரில் போட்டு, கிளட்சை லேசாக விட்டு இன்ஜினுக்குச் சுமை கொடுத்தேன். டொக், டொக், டொக். கதவைத் தட்டுகிற மாதிரி உள்ளேயிருந்து வந்தது.

"பேரிங் போயிடுச்சு. இதுதான் இந்த வண்டியோட நிஜக் குரல்," என்றேன் கண்ணாடிக்காரரிடம்.

தம்பி முகம் கறுத்தது. கண்ணாடிக்காரரோ புன்னகைத்தார்.

"தெரியும் பெரியவரே. உள்ள வரும்போதே பைப்பைப் பார்த்துட்டேன். பழையபடியே திருப்பி வச்சுக் குடுங்க. என்கிட்ட வாங்கறவனும் காதாலதான வாங்கப் போறான்? இன்னார் பையன் தன் கையாலேயே டைமிங் வச்ச வண்டின்னு சொல்லிக்கிறேன். எனக்கு அது போதும்."

கைகுலுக்க நீட்டினார். வெள்ளையான, ஈரமான கை. நான் அதைத் தொடவில்லை. இவன் வாங்க வந்தது இரும்பை அல்ல, அப்பா பெயரை. என் தம்பி அதற்குத் தரகன்.

"நான் சம்மதிக்கல. வண்டி விக்கிறதுக்கில்ல," என்றேன்.

"அப்ப உங்க கௌரவத்தை வச்சே உழுதுக்குங்க!" என்று தம்பி கத்தினான். "இனிமே இந்த வாசப்படி ஏறாதீங்க."

"இந்த வீட்டு ஆம்பளைங்களுக்கு ஆளுக்கொரு கௌரவம், இருக்கறது ஒரே ஒரு வண்டி," என்றாள் அவன் மனைவி.

இனி ஒரு நிமிடம் அங்கே விட்டுவைத்தாலும் மறுபடி திருப்பிவிடுவான். இறங்காமலேயே தெருவுக்கு ஓட்டி வந்தேன். டொக் டொக் என்று தெரு முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்று நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். தையல்கடைக்காரர் கத்திரிக்கோலோடு வெளியே வந்தார்.

"என்னங்க பெரியவரே, இப்படித் தட்டுது?"

"பேரிங் தேய்ஞ்சு போச்சு."

"நேத்துகூட உங்க தம்பி, வண்டி கல்லு மாதிரி இருக்குன்னாரே?"

அவன் சொன்னது பொய் என்று சொல்ல வாய் திறந்தேன். அவனும் என் அப்பாவுக்குப் பிறந்தவன்.

"நீங்க சரியாக் காதுல வாங்கியிருக்க மாட்டீங்க," என்றேன்.

அவர் குழம்பிப்போய்த் தலையாட்டினார். எனக்கு வாயெல்லாம் கசந்தது. காறித் துப்பிவிட்டு கியரை மாற்றினேன்.