பெட்டி உப்பு

அர்ஸ்லான்பாப் ஊரில் பீபிசோரா வீட்டார் கடைசியாகக் கடையில் உப்பு வாங்கியது, மூத்த மருமகள் ஓய்தின் கல்யாணமாகி வந்த வருடம். அதற்குப் பிறகு வேண்டிய உப்பை விருந்தறையில் இருக்கும் வால்நட் மரப்பெட்டியே கொடுத்துவிடுகிறது. நல்ல உப்பு. மண் கலக்காதது. பனி உருகும் காலத்தில் மட்டும் கொஞ்சம் கசியும். ரொட்டி மாவு பிசைய, ஆட்டுக்கறிக்குத் தடவ, காலையில் பால் டீயில் போட எல்லாவற்றுக்கும் போக மிஞ்சுவதை ஜாடியில் அள்ளி வைக்கிறார்கள்.

ஓய்தின் ஓஷ் நகரத்துக் கல்லூரியில் ஒரு வருடம் வேதியியல் படித்திருந்தாள். பெண் கேட்டு வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்து, படிப்பு அது பாட்டுக்கு நடக்கும் என்றார்கள். கல்யாணம் முடிந்த மாதமே ஓதில் என்கிற அந்த மாப்பிள்ளை கட்டட வேலைக்கு ரஷ்யா போய்விட்டான். அதன்பிறகு அந்தப் பேச்சு யாருக்கும் நினைவில்லை. அவளுக்கும் பெயர் தேவைப்படவில்லை. மருமகளை கெலின் என்றே ஊர் கூப்பிடும். கெலின் எல்லாருக்கும் முன்னால் எழுந்து முற்றம் பெருக்க வேண்டும், வாசலில் வருகிற ஒவ்வொருவருக்கும் குனிந்து சலாம் வைக்க வேண்டும், ராத்திரி விரித்த மெத்தைகளையெல்லாம் மடித்துப் பெட்டியின் மேல் அடுக்க வேண்டும். இதற்கெல்லாம் கல்லூரி எதற்கு என்று கேட்டால் பதில் இல்லைதான். கல்லூரி அவளுக்கு ஒரு வருடம் விடுப்பு கொடுத்திருந்தது. செப்டம்பரில் போய் நிற்காவிட்டால் இடம் போய்விடும்.

தனியாகக் கேட்டால் மாமியார் பீபிசோராவுக்குக் காது கேட்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் தெருப் பெண்கள் எல்லாரும் மாதக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த நாளில், டீ ஊற்றிக்கொண்டே, கோப்பையில் கண்ணை வைத்துக்கொண்டே, படிக்க ஓஷுக்குப் போகட்டுமா என்று கேட்டாள். பீபிசோரா அவசரப்படவில்லை. சட்டைக் கைக்குள் எப்போதும் செருகி வைத்திருக்கும் வெள்ளைக் கைக்குட்டையை உருவி மடியில் விரித்தாள். வெள்ளிக்கிழமைதோறும் அதை மேசை மேல், கதவு மேல், பெட்டி மேல் இழுத்துப் பார்ப்பது அவள் வழக்கம். அது ஒரு தடவைகூட வெள்ளையாகத் திரும்பியதில்லை.

"படிக்கத்தானே போகணும்? போயேன், யாரு உன்னைக் கட்டி வச்சிருக்கா? இந்தக் கைக்குட்டை இந்த வீட்டு மரத்து மேலெல்லாம் போயி வெள்ளையாவே திரும்பி வரட்டும். அன்னிக்கே கிளம்பு."

பக்கத்து வீட்டு ரோபியா பல்லைக் குத்திக்கொண்டே, "ஏண்டி கெலின், பேசாம அந்தக் கைக்குட்டையைக் கறுப்புச் சாயத்துல முக்கிடு. அதுதான் சுலபம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சாட்சி வைத்துச் சொன்ன சொல் அது, இனித் திரும்ப வாங்க முடியாது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

ஓய்தின் முதலில் சந்தையில் விற்கும் சீனத்து பாலிஷை வாங்கி அடித்தாள். மரம் பளபளத்தது, அதோடு பசையும் பிடித்தது. தெருத் தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் அந்த வீட்டில் செய்துவந்தது இன்னும் மோசம். விருந்து முடிந்ததும் ஆட்டு வால்கொழுப்பு ஒட்டிய கையை மரத்தில் தேய்த்துத் துடைப்பார்கள், மரத்துக்கும் விருந்து வைப்பதாக நினைப்பு. கொழுப்பு மரத்துக்குள் போவதில்லை. மேலேயே படிந்து நாறும், அடுப்புப் புகையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த வீட்டு மரம் தலைமுறை தலைமுறையாகப் புகையைத் தின்றுகொண்டிருந்தது.

எனவே தானே செய்தாள். காட்டில் உதிர்ந்து கிடந்த ஆப்பிளை நசுக்கிப் பானையில் புளிக்க வைத்துக் காடி எடுத்தாள். வால்நட் பருப்பை ஆட்டி எண்ணெய் எடுத்தாள். மற்ற எண்ணெய் மரத்தில் பிசுபிசுத்து நிற்கும், வால்நட் எண்ணெய் உள்ளே இறங்கிக் காய்ந்துவிடும். அழுக்கைக் கரைக்க, ஒரு பங்கு காடிக்கு மூன்று பங்கு எண்ணெய். மெருகுக்கு, எண்ணெயில் தேன்மெழுகைப் போட்டு, சட்டியை வெந்நீருக்குள் வைத்து உருக்கிக்கொண்டாள். முதல் துடைப்புக்கு ஆறிய கறுப்பு டீயே போதும். வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. பழைய பருத்திச் சட்டைகளைக் கிழித்துத் துணியாக்கி, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தாள்.

அழுக்கு வந்த வரிசைக்குத் தலைகீழாக வெளியேறியது, கடைசியாக வந்தது முதலில். சீனப் பசை போனது. அடுத்து வால்கொழுப்பு. ஒரு வாரம் வீடெங்கும் பழைய கல்யாணச் சோற்று வாசனை அடித்து, அந்த வாரம் முழுக்க எல்லாரும் இரண்டு மடங்கு சாப்பிட்டார்கள். அதற்கடியில் மண்ணெண்ணெய் விளக்கின் கரி இருந்தது. அதைத் துடைத்த அன்று நடுப்பகலிலேயே அறை மஞ்சளாக மங்கி, பீபிசோரா பழக்கதோஷத்தில் திரியைத் தேடினாள். மேசையின் தலைமாட்டுப் பக்கத்திலிருந்து செத்துப்போன மாமனார் எர்காஷின் சிகரெட் புகை எழுந்தது. கலையாமல் அவர் இடத்திலேயே ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தது. பீபிசோரா அதன் முன்னால் ஒரு கோப்பை டீ வைத்தாள். கோப்பை காலியாகவில்லை, புகை சாயந்திரம் போய்விட்டது. இருந்தபோதும் இப்படித்தான், ஊற்றிய டீயைக் குடிக்கமாட்டார் என்று அவள் குறைபட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் மேசை, கதவு, தொட்டில், அலமாரி எல்லாம் அறுத்த அன்றைய நிறத்துக்கு வந்துவிட்டன. பெட்டி மட்டும் அடங்கவில்லை. பீபிசோரா தன் கல்யாணத்துக்குச் சீதனமாகக் கொண்டுவந்த பெட்டி அது. கறுப்பு போய், பழுப்பு போய், அப்புறம் அதன் மேல்விளிம்பில் வெள்ளையாகப் பூத்தது. துடைத்தாள். மறுபடி பூத்தது. காடி போட்டாள், டீ போட்டாள், இன்னும் அதிகமாகப் பூத்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

அவளுக்கு விஷயம் புரிந்தது. காலையில் மெத்தை அடுக்கும் நேரம் ஒன்றில்தான் கெலின் சுவரைப் பார்த்து நிற்கலாம், முதுகை மட்டும் வீட்டுக்குக் கொடுக்கலாம். அவளும் அந்த விளிம்பில் நெற்றியை வைத்து அழுதவள்தான். ஆனால் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் கணக்கு ஒரு பிடிகூடத் தேறாது. இங்கே கிண்ணம் கிண்ணமாக வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ரோபியாவும் மற்றப் பெண்களும் சாட்சிக்கு வந்து உட்கார்ந்தார்கள். வால்நட் பொறுக்கக் காட்டுக்குப் போகிற காலம் நெருங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஓஷ் பேச்சுக்கே இடமில்லை. பீபிசோரா கைக்குட்டையை மேசை மேல் இழுத்தாள். வெள்ளை. கதவு மேல், வெள்ளை. தொட்டில் மேல், வெள்ளை. பெட்டியின் மேல்விளிம்பில் இழுத்துத் தூக்கிப் பிடித்தாள். ரோபியா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "வெள்ளைதான்" என்றாள்.

வெள்ளைத் துணி மேல் வெள்ளை உப்பு என்று ஓய்தினுக்குத் தெரியும். மாமியார் கைக்கு அந்த நறநறப்பு தெரிந்துவிட்டது என்பதும் தெரியும். துணியை ஒரு உதறு உதறிக் காட்டினால் போதும், ஒரு வருடம் போச்சு, கல்லூரி போச்சு. பீபிசோரா துணியை உதறவில்லை. விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். அப்படியே மருமகளுக்கும் பெண்களுக்கும் முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து, ஒரு கோப்பை டீ ஆறுகிற நேரம் நின்றாள்.

"அம்மா, அது வந்து..." என்று ஓய்தின் ஆரம்பித்தாள்.

"இது அழுக்கில்ல" என்றாள் பீபிசோரா, திரும்பாமலே. "என் மாமியார் பார்க்கக் கூடாதுன்னு ஒளிச்சு ஒளிச்சு வச்சேன். தேய்ச்சே எடுத்துட்ட." பிறகு கைக்குட்டையை நாலாக மடித்தாள். "ஓஷுக்கு வேன் காலையில எத்தனை மணிக்கு?"

ஓய்தின் படித்து முடித்து இப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறாள். கைக்குட்டையில் தயிர் வடிகட்டுகிறார்கள். அடுத்த மருமகள் வந்த அன்று பீபிசோரா செய்த முதல் காரியம், அவளுக்குக் காடிப் பானையைக் காட்டியது. ரோபியாவும் செய்முறையைக் கேட்டு வாங்கிப்போய்த் தன் பெட்டியைத் துடைத்தாள். அதிலும் வந்தது, பீபிசோராவுடையதைவிடக் கொஞ்சம் கரடு. பிறகு தெரு முழுக்க வந்தது. சந்தையில் உப்பு விற்றவன் நின்று பார்த்துவிட்டு சோப்புக்கு மாறிக்கொண்டான். பெட்டியில் உப்பு பூத்ததை ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மாமியார் மருமகளை ஓஷுக்கு அனுப்பினாளே, அதைத்தான் அதிசயம் அதிசயம் என்று இரண்டு குளிர்காலம் பேசியது.

ஓய்தினின் கணவன் ஓதில் ரஷ்யாவிலிருந்து வரும்போதெல்லாம் விருந்து நடக்கிறது. ஆண்கள் விருந்தறையில் அந்தப் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்து கறியைப் பிய்த்துத் தின்றுவிட்டு, உப்பு அருமையாக இருக்கிறதே, எங்கே வாங்கியது என்று கேட்பார்கள். வீட்டில் எடுத்தது என்று உள்ளேயிருந்து பதில் வரும். அவர்கள் தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார்கள்.