குறுக்கே ஓட ஆளில்லை

என் மனைவி பெர்னிஸ் என் கையால் சாப்பிடுவதை நிறுத்தி ஒன்பது நாள் ஆகியிருந்தது. மறதி நோய். தட்டை நீட்டினால் விஷம் என்று கத்துவாள். நான் பார்க்காதபோது பாலை எடுத்துக் குடிப்பாள், அதில்தான் உயிர் ஓடியது. வியாழக்கிழமை நர்ஸ் வந்து எடை பார்ப்பாள். இன்னும் இரண்டு பவுண்டு குறைந்தால் அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவேன் என்று மகள் டோனா சொல்லிவிட்டாள். நாற்பத்தாறு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவர்கள் நாங்கள்.

இம்ப்ரோவ் என்கிற, ஒத்திகை இல்லாமல் நடிக்கிற நாடக வகுப்புக்குப் போகச் சொன்னதும் அந்த நர்ஸ்தான். "வாதாடாம ஒத்துப்போகக் கத்துக்குவீங்க" என்றாள். நான் ரயில் பணிமனையில் பிரேக் பார்த்தவன். சரியாக இருக்கிறது என்று எவன் சொன்னாலும் நானே ஒருமுறை தட்டிப் பார்ப்பேன். ஆனால் வேறு வழியில்லை. போனேன்.

பெல்மாண்ட் ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மதுக்கடையின் மாடி. சனி, ஞாயிறு, காலை பத்து மணி. தொடங்கும் முன் எல்லாரும் எல்லார் முதுகிலும் தட்டி "நான் இருக்கேன்" என்றார்கள். நான் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

யாராவது ஒரு சொல் கொடுப்பார்கள். எழுதி வைத்த வசனம் எதுவும் இல்லாமல், அந்தச் சொல்லிலிருந்து அரை மணி நேரம் காட்சிக்கு மேல் காட்சி கட்ட வேண்டும். திரை கிடையாது, மணி கிடையாது. சுவரோரம் நிற்கிற ஒருவர் நடிப்பவர்களுக்கு முன்னால் குறுக்கே ஓடுவார். காட்சி முடிந்தது என்று அர்த்தம்.

எனக்குக் கிடைத்த சொல் படகு. கர்ட்டிஸ் என்ற தாடிக்காரப் பையன் துடுப்புப் போடுகிற மாதிரி வந்தான்.

"அண்ணே, தண்ணி உள்ள வருது!"

"நீ யாரு? யாரோட படகு இது? என்னை எங்க கூட்டிட்டுப் போற?"

"முதல்ல பக்கெட்டை எடுங்க அண்ணே, செத்தப்புறம் விசாரிக்கலாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி குறுக்கே ஓடினாள். அடுத்த மூன்று காட்சியிலும் இதே கதை.

சொல்லிக்கொடுக்கிற மரிசோல் கேட்டாள்: "வால்ட், போலீஸ்ல இருந்தீங்களா?"

"ரயில்ல."

"கேள்வி கேட்டா, எல்லாத்தையும் கூட நடிக்கிறவரே கண்டுபிடிக்க வேண்டியிருக்கு. பாரத்தை அவர் தலைல ஏத்துறீங்க. அவர் கொடுக்குறதை வாங்கிக்குங்க. அதுக்கு மேல நீங்க ஒண்ணு வையுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"கொடுக்கச் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிறு ரயிலில் திரும்பும்போதுதான் உறைத்தது. தினமும் காலையில் நான் பெர்னிஸிடம் முதலில் பேசுவது இதுதான்: "நான் யாரு? சொல்லு பாப்போம்."

திங்கள், செவ்வாய் வாயைத் திறக்கவே பயம். அவளும் தட்டைத் தொடவில்லை. புதன் மதியம் பார்லி சூப்போடு சமையலறையில் நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சிங்க் அடைப்பு எடுக்க வந்தவரா நீங்க?"

இல்லை என்று தொண்டை வரை வந்தது. விழுங்கினேன்.

"ஆமாம்மா. அடைப்பு பெருசு, சாயங்காலம் ஆயிடும். சூப் கொண்டு வந்திருக்கேன். தனியா சாப்பிட்டா எனக்கு இறங்காது."

உட்கார்ந்தாள். ஒரு ஸ்பூன். இன்னொன்று. நானும் எதிரில் உட்கார்ந்து குடித்தேன். பாதிக் கிண்ணத்தில் நிறுத்தினாள்.

"என் புருஷன் வர்றதுக்குள்ள போயிடுங்க" என்றாள் மெதுவாக. "எப்பப் பாத்தாலும் கேள்வி. எனக்குப் பதில் தெரியாதுன்னு தெரிஞ்சே கேப்பான். பயமா இருக்கு."

சுவர்ப் பக்கம் பார்த்தேன். வகுப்பாக இருந்தால் இந்நேரம் யாராவது குறுக்கே ஓடியிருப்பார்கள். காலண்டர்தான் தொங்கியது. கிண்ணத்தில் பாதி சூப் இருந்தது.

"ஆமாம்மா, மோசமான ஆளு" என்றேன். "வழில பாத்தேன். பெட்டியோட போயிட்டான். இனிமே வரமாட்டான்."

"நெஜமாவா?"

"நெஜமா."

மாதக்கணக்காக அவள் முகம் இறுகியே இருந்தது. இப்போது தளர்ந்தது. ஸ்பூனை எடுத்தாள். கிண்ணத்தைச் சாய்த்து வழித்துக் குடித்தாள்.

"நாளைக்கும் வருவீங்களா?"

"வருவேம்மா."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சிங்குக்கு அடியில் போய்ப் படுத்தேன். நல்ல குழாயை வெறுமனே தட்டிக்கொண்டே இருந்தேன்.