கூப்பிடக் கூடாத சொல்

பல மொழி ஒலி அகராதிக்குக் குரல் கொடுக்கும் வேலையில் அவளுக்கு அன்று தேர்வு. தேறினால் நிரந்தரம், இல்லையென்றால் வீடு. ஒரே சொல்லை ஒவ்வொரு மொழிக்காரரும் கண்ணாடி அறைக்குள் போய் மைக்கில் சொல்ல வேண்டும். அன்றைய சொல் 'மாமா'.

ஜார்ஜிய மொழிக்காரி இரண்டு அசையையும் குறிலாக வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் மொழியில் அது அப்பா. சுவாஹிலிக்காரர் முதல் அசையை அழுத்தினார். அவருக்கு அது அம்மா. இந்திக்காரர் இரண்டையும் நெடிலாக நீட்டினார். அங்கே நம்மைப் போலவே, அம்மாவோடு பிறந்தவர்.

"ஒரு குடும்பமே இதுக்குள்ள குடியிருக்குதே!" என்று மேற்பார்வையாளர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய மாமா, அம்மாவின் தம்பி, அதே மாடியில் தரை துடைப்பவர். ஆள் எடுக்கிறார்கள் என்று துப்புக் கொடுத்ததே அவர்தான். சேர்ந்த அன்றே, "இங்க என்னை மாமான்னு கூப்பிட்டுத் தொலைக்காதே. படிச்ச புள்ள, உனக்குத்தான் கேவலம்," என்று கறாராகச் சொல்லிவிட்டார். இவளும் மண்டையை ஆட்டியிருந்தாள்.

தமிழுக்கு அவள் முறை வந்தது. கண்ணாடி அறைக்குள் போய் முதல் தடவை சொன்னாள்.

"செய்தி வாசிக்கிறியா?" என்றார் மேற்பார்வையாளர்.

இரண்டாவது தடவை.

"திட்டுற மாதிரி இருக்கு. உனக்கு மாமாவே கிடையாதாம்மா? இன்னொரு தடவைதான். அப்புறம் வேற ஆளைப் பார்ப்பேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா வாளியை நகர்த்திக்கொண்டிருந்தார். இவளைப் பார்க்காதது போலப் போவதில் கைதேர்ந்துவிட்டார். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனுக்காக இந்த நாடகம்? எழுந்து கதவைத் திறந்தாள்.

"மாமா!"

"என்ன பாப்பா?" என்று திரும்பியவர், எல்லோரும் பார்ப்பதைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேற்பார்வையாளர் ஹெட்போனைக் கழற்றினார். "கதவைத் திறந்தா வெளிச்சத்தம் சேர்ந்துடும், இது செல்லாது. அவரு உன் மாமாவா?"

"ஆமா சார். அம்மாவோட தம்பி. அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்லம்மா. கதவைச் சாத்திட்டு, இப்ப கூப்பிட்ட மாதிரியே சொல்லு."

சொன்னாள். அவர் கட்டை விரலை உயர்த்தினார்.

வெளியே மாமா முறைத்துக்கொண்டு நின்றார். "வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டியா? மானத்தை வாங்கிட்டியே!"

"யாரோட மானம்? வேணும்னா உங்க அக்காகிட்ட வத்தி வைங்க. இப்ப கேன்டீனுக்கு டீ குடிக்க வாங்க."

"அது ஆபீசருங்க உக்கார்ற இடம், பாப்பா."

"நானும் இனிமே அங்கதான் உக்காருவேன். வாங்க மாமா."

போனார். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார், ஆனாலும் உட்கார்ந்தார்.