வாளையின் பசி

“ஏனுங்க, மூணு கூடை பொடிமீனையும் தின்னு போட்டாளுங்க! இன்னும் பசிக்குதுங்கறா! எல்லாம் நீங்க பண்ணுன வேலை!” என்று பெருமாயி கொல்லையிலிருந்து கத்த, “மெல்லப் பேசு, மாப்ள ஊட்டுக்காரங்க காதுல உழுகப்போவுது!” என்று அவள் புருஷன் அங்கமுத்து அதைவிடப் பெரிதாகக் கத்தினார். மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில்தான் இருந்தார்கள். பெண் தீபிகா கொண்டுவந்து வைத்த பலகாரத் தட்டைத் தானே காலி செய்துவிட்டு எழுந்து போனதையும் பார்த்தார்கள். காப்பி ஆறுமுன் கிளம்பிவிட்டார்கள். அவளுக்கு இருந்தது அவளுடைய பசி அல்ல, வாளை மீனின் பசி. பள்ளிபாளையத்துக்குக் கீழே எங்கள் ஆற்றங்கரையில் இது எல்லாருக்கும் தெரியும். அசலூர்க்காரர்களிடம் யார் சொல்வது?

எங்கள் ஊரில் காவிரியின் குறுக்கே ஒரு கயிறு கிடக்கிறது. அதற்கு மேலே கோயில் துறை. அங்குள்ள மீன் அம்மனுடையது, யாரும் வலை போடுவதில்லை, பொரிதான் போடுவார்கள். கயிற்றுக்குக் கீழே அங்கமுத்துவின் பரிசல். ஆறேழு வருடத்துக்கு முன் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வாளை, பொடிமீனைத் தின்கிறது. வாளையை ஒழித்தால் பொடிமீன் அத்தனையும் நமக்குத்தானே? ஊரும் தலையாட்டியது. கடைசி வாளையை ஓர் ஐப்பசியில் இழுத்துப் போட்டார். அவர் மகள் உயரம் இருந்தது. அரை நாள் சாகாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. தெருவுக்கே குழம்பு போயிற்று. “நான் அப்பவே சொன்னேன்” என்று இன்று சொல்கிறவர்கள் அன்று இரண்டாம் தடவையும் கிண்ணம் நீட்டினார்கள்.

அடுத்த வருடம் குடம் முக்கினால் பாதி மீன். அந்தப் பொடிமீன்கள் பாசியைத் தின்னும் பூச்சிகளையெல்லாம் தின்று தீர்த்தன. தின்ன ஆளில்லாத பாசி பெருகி ஆறு பச்சைக் குழம்பாகி நாறியது. மீனும் நகத்தளவுக்குச் சிறுத்தது. கயிற்றுக்கு மேலே மட்டும் அடிமணல் தெரிந்தது. வாளைகள் சோம்பலாகச் சுற்றிவர, பொடிமீன்கள் அளவாகவும் கொழுப்பாகவும் இருந்தன. கீழே வாய்கள் போய்விட்டன, பசி போகவில்லை. அது படியேறி வந்து, விசைத்தறிக்குப் போய்வந்துகொண்டிருந்த தீபிகாவிடம் தங்கிவிட்டது. அவள் ஆற்றில் இறங்கிப் பொடிமீனை அள்ளி விழுங்கினால் அவளைச் சுற்றிக் கைநீளத்துக்குத் தண்ணீர் தெளியும். கயிற்றைத் தாண்டிக் கோயில் துறைக்குப் போனால் பசி அடங்கும். அங்கே அதைச் சுமக்க வேறு வாய்கள் இருந்தன.

பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பிப்போன அன்றே பெருமாயி வலையைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டாள். கயிற்றுக்கு அடியில் வாளைக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அவை வளர வளர மகளின் பசி குறைந்தது. இரண்டு வருடத்தில் இரண்டு தட்டுச் சோற்றோடு கை கழுவினாள். நாமக்கல்லில் வேறொரு சம்பந்தமும் கூடிவந்தது. நிச்சயத்தன்று அங்கமுத்து பரண் ஏறினார்.

“வேண்டாமுங்க, கோழி போட்டுக்கலாம்.”

“நாமக்கல்லுக்காரனுக்குக் கோழி போட்டா காறித் துப்புவான். ஒண்ணே ஒண்ணுதான் புள்ள!”

வலையில் வந்தது ஒன்றல்ல. வந்ததைத் திரும்ப ஆற்றில் விட அவருக்கு மனசு வரவில்லை. விருந்து பரிமாறும்போது தீபிகா பந்தியில் முதல் இலை தொடங்கிக் கடைசி இலை வரை உண்டு முடித்தாள். இலைகளையும்.

“ஏஞ்சாமி, இப்படிப் பண்ணீட்டயே” என்றார் அங்கமுத்து.

“நானாங்கப்பா பண்ணினேன்?” என்று கேட்டுவிட்டு, பட்டுச் சேலையோடு ஆற்றோரமாகவே நடந்து கோயில் துறைக்குப் போனாள். அங்கே பொரி விற்கும் மாதேஷ் ஒரு கை பொரி கொடுத்தான். அதிலேயே வயிறு நிறைந்து அழுதாளாம்.

தை மாதம் அங்கேயே அவனைக் கட்டிக்கொண்டாள். மறுவீட்டு விருந்துக்குக்கூடத் தாய்வீடு வரவில்லை. கயிற்றுக்குக் கீழே கால் வைக்க முடியாது. அவள் போய் ஒரு வாரத்துக்குள் பசி பெருமாயியைப் பிடித்தது. மீன் பிடித்தவருக்கு இன்றுவரை அளவான பசிதான். பங்குனியில் பெருமாயியும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் பக்கத்து வீட்டுச் சௌந்திரம் மூன்றாம் முறை சோறு கேட்டாள். அவள் புருஷன் தமிழரசு இருந்த சோற்றை அவள் தட்டில் போட்டுவிட்டு சாமான் ஏற்ற டெம்போ பிடிக்கப் போனான். இப்போது எடப்பாடியில் இருக்கிறார்கள்.