கட்டம் கட்டமாக ஒரு சி.டி.

என் பெண் லக்ஷணா மெயிலில் அனுப்பிய வீடியோவைச் பிரவுசிங் சென்டர் சங்கரியின் கம்ப்யூட்டரில் பார்த்ததும், இதைப் போயா அனுப்பினாள் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற ரங்கநாத் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு, அவன் ஊர்க் கோயில் உற்சவத்தில் பிரபந்தம் சொல்லும் கோஷ்டியோடு நிற்கிறான். லக்ஷணமான பையன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாமம்! அதன் பாதம் மூக்குத்தண்டு வரை பளிச்சென்று இறங்கியிருந்தது. அவன் தென்கலை. நாங்கள் வடகலை, எங்கள் நாமத்துக்குப் பாதம் கிடையாது.

சின்ன காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பாதம் உண்டா இல்லையா என்பதை வைத்து ஒருவரோடொருவர் பேசாமலே வயதாகிப் போனவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். என் கணவரின் அண்ணா தேவராஜன் அதில் முதல் ஆள்.

என் கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அப்பா இல்லாத பெண்ணை அண்ணாதான் மடியில் உட்கார்த்தி வைத்துத் தாரை வார்க்க வேண்டும். லக்ஷணாவோ, "பெரியப்பா ஒத்துக்கலைன்னா ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிப்பேம்மா" என்று போனில் சொல்லிவிட்டாள். நான் அண்ணாவிடம் ஐயங்கார் பையன், ஜெர்மனியில் வேலை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். பொய் இல்லையே. ஒரு தடவை அவர் வாயால் சரி என்றுவிட்டால் தலையே போனாலும் மாற மாட்டார். அந்த ஒரு 'சரி'தான் எனக்கு வேண்டும்.

அவர் கேட்டது இரண்டே கேள்வி. "பையனுக்குப் பிரபந்தம் தெரியுமா? கண்ணால பார்க்க முடியுமா?" கம்ப்யூட்டரில் குனிந்து பார்க்க மாட்டாராம். டிவியில் போட்டுக் காட்ட வேண்டும். இருக்கிற வீடியோவோ இது ஒன்றுதான்.

எங்கள் பக்கத்துக் கடைக்குப் போனால் தெரிந்த முகம் எதிரே வரும் என்று பயந்து, பெரிய காஞ்சிபுரம் வரை ஆட்டோவில் வந்திருந்தேன். சங்கரி தறிக்கார வீட்டுப் பெண். வாசல் அறையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறாள், உள்ளே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"இந்த ஃபைலு உங்க பிளேயர்ல ஓடாது மாமி, மாத்தித்தான் போடணும். டிவிடியா போட்டா நல்லா கிளியரா இருக்கும். சாதா சி.டி.ல விசிடியா போட்டா படம் ஒடஞ்சு கட்டம் கட்டமா தெரியும்."

"கட்டம் கட்டமாவே போடும்மா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னா மாமி இது, ஊரே கிளியரா வேணும்னு கேட்டுக்கினு இருக்குது. நீங்க சாயம் போன பொடவையா பாத்து எடுன்ற மாதிரி சொல்றீங்க."

"எங்க பிளேயர் பழசு," என்றேன். என் காதுக்கே நம்பும்படி இல்லை.

போட்டுக் காட்டினாள். பாதம் இன்னும் லேசாகத் தெரிந்தது. இன்னும் குறைக்க முடியுமா என்று கேட்டேன். குறைத்தாள். "இதுக்கு மேல கொறைச்சா மாப்ளையே காணாம பூடுவாரு மாமி," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு அண்ணா வந்தார். சி.டி.யைப் போட்டதும் பிளேயர் கர் கர் என்று முனகியது. பெருமாளே, ஓடாமல் போனாலும் தேவலை என்று ஒரு மனசு. ஓடிவிடட்டும், இந்த அவஸ்தை தீரட்டும் என்று இன்னொரு மனசு. ஓடியது.

அண்ணா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடி போட்டிருந்தாலும் அவருக்குக் கழுகுக் கண். ஆனால் திரையில் என்ன இருக்கிறது? நெற்றியில் கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் சிவப்பு, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் நாலு பழுப்புக் கட்டம். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அப்போது கோஷ்டி வாயைத் திறந்தது. பிரபந்தத்துக்கு முன்னால் ஆசாரியனை நினைத்துத் தனியன் சொல்வார்களே, அந்தத் தனியன். அவர்களுக்கு ஒன்று, எங்களுக்கு வேறொன்று. எங்கள் ஊர்ச் சண்டையில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். மக்கு, மக்கு! படத்தைக் கெடுக்கத் தெரிந்த எனக்கு, அதில் சத்தம் என்று ஒன்று இருப்பது தோன்றவே இல்லை. நாற்பது வருஷமாகக் கோஷ்டியில் நிற்கிற மனுஷருக்கு முதல் எழுத்திலேயே தெரிந்திருக்கும்.

அவர் முதுகு நிமிர்ந்தது. திரும்பவில்லை.

"மங்கை."

"அண்ணா."

"சத்தத்தைக் கொறை."

அவ்வளவுதான், எழுந்து போகப் போகிறார், என் பெண் கல்யாணம் ரெஜிஸ்டர் ஆபீஸில்தான் என்று நினைத்தேன். ரிமோட்டை எடுத்துக் குறைத்தேன்.

"ஜன்னல் தெறந்திருக்கு பாரு. எதிராத்துக் கோதண்டபாணி காதுல விழுந்தா நாளைக்குக் கோயில்ல என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவான்."

நான் ஜன்னலைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். அவர் திரைக்கு இன்னும் கிட்டே போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"பையன் மூஞ்சியே தெரியலையேம்மா. என் மடியிலேர்ந்து பொண்ணை யார் கையில குடுக்கறேன்னு நான் பார்க்க வேண்டாமா? நல்லதா ஒண்ணு போட்டுண்டு வா."