ஆறே காலுக்கு அதே வழியில்

இருபத்திரண்டு வருஷமாக ஒரு பெரிய முதலாளிக்குப் பாடிகார்டாக இருக்கிறேன். அவர் உடம்பில் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. விழுந்ததெல்லாம் என் வீட்டில்தான்.

தொழிலில் எங்களுக்குச் சில பாடங்கள் உண்டு. ஒரே வழியில் இரண்டு நாள் போகாதே. முதுகைச் சுவருக்குக் கொடு, கண்ணை வாசலில் வை. பின்னால் வருகிறவனை முதலில் பிடி, அப்புறம் யாரென்று பார். இதையெல்லாம் வேலையோடு விட்டிருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி ஏது? காய்கறி வாங்கவே மூன்று தெரு சுற்றிப் போவேன். "உங்களைக் கடத்தினவன் ரெண்டே நாள்ல அவனே கொண்டுவந்து விட்டுடுவான்" என்பாள் மனைவி. அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது.

மகள் ஒன்பது வயதில் ஒருநாள் சத்தமில்லாமல் பின்னால் வந்து என் கண்ணைப் பொத்தினாள். என் கை தானாகப் போய் அவள் மணிக்கட்டை முறுக்கிவிட்டது. வீக்கம் நாலு நாளில் வடிந்தது. அதற்கப்புறம் அவள் என் பின்னால் வந்ததே இல்லை.

பெரியவளானதும் ஒருவனை விரும்பினாள். நான் அவனை மூன்று வாரம் நிழல் மாதிரி தொடர்ந்தேன். அவனிடம் ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. விஷயம் அவளுக்குத் தெரிந்ததுதான் மிச்சம். "இது வீடா, செக்போஸ்டா, அப்பா? இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று போனவள்தான். எனக்கும் வீம்பு. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

போன மாதம் அக்கா போன் செய்தாள்.

"உன் பொண்ணு வந்திருந்தா, தெரியுமாடா?"

"எங்க வந்தா?"

"படி மிதிக்க மாட்டேன்னவ வீட்டுக்கா வருவா? நீ வேலை விட்டு வர்ற வழியில, தையல்கடைப் பக்கத்து பஸ் ஸ்டாப்ல நின்னிருக்கா. தற்செயலாப் பாத்த மாதிரி பேசிடலாம்னு. மூணு நாள் நின்னாளாம். நீ ஒரு நாளாவது அந்தப் பக்கம் வந்தியா?"

அவள் நின்ற முதல் நாள் நான் பாலத்தடியாகப் போயிருந்தேன். மறுநாள் மார்க்கெட் வழி. மூன்றாம் நாள் தையல்கடைத் தெருமுனை வரை வந்துவிட்டு, போன வாரம் வந்த வழிதானே என்று திரும்பிவிட்டேன்.

"அவ அட்ரஸைக் குடு, அக்கா."

"எதுக்கு? அங்கயும் போய் நோட்டம் விடவா? தர மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"திரும்ப வருவாளா?"

"பாக்கலாம்னு சொன்னா."

மகளுக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

இப்போது தினமும் ஆறே காலுக்கு அதே வழிதான். தையல்காரர் என் தலையைப் பார்த்துத்தான் கடை விளக்கைப் போடுகிறார். "அண்ணே, எவனாவது குறி வெச்சா நீங்க அம்பேல்" என்கிறான் கூட வேலை செய்கிறவன். வைத்தால் வைக்கட்டும். எனக்கு என் பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

நடைபாதைக்கு முதுகைக் காட்டி, பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். பின்னால் காலடி கேட்டால் உடம்பு விறைக்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்கிறேன். அவள் வந்து கண்ணைப் பொத்தினால், இந்தத் தடவை கைகள் எழுந்துவிடக் கூடாது.