ஜெபகுமாருக்குப் போகாத மெயில்

சுப்புராமனுக்குப் பறவைகளைவிடப் பறவைச் சங்கத்தின் செயலாளர் பதவி மேல்தான் பிரியம் அதிகம். அதை அவரிடம் சொன்னால் கோபம் வரும். வேடந்தாங்கலுக்கு வேன் பிடிப்பதும், ஏரிக்கரைக்கு யாரும் சிவப்புச் சட்டை போட்டு வரக்கூடாது என்று சுற்றறிக்கை விடுவதும் ஒன்பது வருடமாக அவர்தான். இரண்டாயிரத்து நாலில் சுற்றறிக்கை மெயிலாக மாறியது. அறுபத்திரண்டு உறுப்பினர்களின் மெயில் ஐடியையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தவன் ஜெபகுமார். அவனும் உறுப்பினன்தான், சதுரங்கப்பட்டினத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். பட்டியலின் தலையில் 'சங்க வேலைக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னது சாட்சாத் சுப்புராமனே.

அந்தப் பட்டியலை வெளியே கொடுத்ததும் அவரேதான்.

மகள் கல்யாணிக்கு இருபத்தேழு முடிந்திருந்தது. சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. சங்கத்தில் பாதிப் பேர் வீட்டில் நல்ல வேலையில் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் பெண்ணைப் பெற்றவர் வலியப் போய் வாய்விட்டுக் கேட்டால் செயலாளரின் கௌரவம் என்னாவது? மனைவி பர்வதத்தின் ஒன்றுவிட்ட தம்பி நரசிம்மன் செங்கல்பட்டில் கல்யாணத் தகவல் மையம் நடத்தினான். அவனிடம் பட்டியலின் ஒரு பிரதியைக் கொடுத்தார். பதினோரு பெயருக்கு டிக் போட்டு, ஜாதகம் வந்தால் அனுப்ப வசதியாக இருக்கட்டும் என்று அடியில் கல்யாணியின் மெயில் ஐடியையும் பேனாவால் எழுதினார். "நாசூக்கா விசாரிப்பா" என்றார். நரசிம்மன் தலையைத் தலையை ஆட்டினான்.

நாசூக்குக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். மூன்றே வாரத்தில் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் மெயில் பறந்தது. கல்யாணமாகிப் பேரன் எடுத்தவர்களுக்குக்கூட 'ஏற்ற வரன் காத்திருக்கிறது' என்று தினம் மூன்று. அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை சாராளுக்குக் கணவர் போய் ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கு வந்த மெயிலின் தலைப்பு: 'இனியும் ஏன் தனிமை?'

சுப்புராமன் ஓடிப்போய் நரசிம்மனுக்கு போன் போட்டார். மெயிலை நிறுத்தச் சொன்னார். யார் கேட்டாலும் தன் பெயரைச் சொல்லாதே என்றும் சொன்னார். முதல் காரியம் நல்லது. இரண்டாவதுதான் அவரை அடுத்த வாரக் கூட்டத்தில் தலை நிமிர விடாமல் செய்தது.

கூட்டத்தில் சாராள் அந்த மெயிலை வாசித்துக் காட்டினார். பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் தலைவர் ஜானகிராமன், "லிஸ்ட்டை கம்ப்யூட்டர்ல ஏத்தினது யாரு?" என்று கேட்டார். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

ஜெபகுமார் எழுந்து நின்றான். "நான் இன்னாத்துக்கு சார் குடுக்கப் போறேன்? சுப்புராமன் சார், நீங்களாச்சும் சொல்லுங்க சார். உங்களுக்கு என்னை நல்லா தெரியும்ல?"

சுப்புராமன் மினிட்ஸ் நோட்டில் ஏற்கெனவே எழுதிய தேதியை மறுபடி எழுதினார். நோட்டை மூடிவிட்டு, "விசாரணை முடியற வரைக்கும் விலகி இருக்கட்டும்" என்றார். மறுநாள் காலை காபி குடித்த கையோடு பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்தார். இவ்வளவு அற்பமான காரியத்தை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. அது அவருக்கே தெரிந்தும் இருந்தது.

கூட்டத்தில் நடந்தது வீட்டிலும் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணி பல நாள் பார்க்காமல் விட்டிருந்த தன் மெயிலைத் திறந்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"அப்பா, நான் உங்க சங்கத்துல மெம்பரே இல்ல. எனக்கும் அந்தக் கல்யாண மெயில் வந்திருக்கு. இந்த ஐடி புதுசு. உங்களுக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும்."

அவர் குனிந்து திரையில் அனுப்பியவர் பெயரைப் படித்தார்.

"என் கல்யாணத்துக்காகவா ஒருத்தரைத் திருடனாக்கினீங்க?"

அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து மன்னிப்பு மெயில் எழுதினார். முதலில் 'விவரங்கள் தவறுதலாக வெளியே சென்றுவிட்டன' என்று அடித்தார். "அதுக்கென்ன காலா முளைச்சிருக்கு, தானா வெளிய போக?" என்றாள் கல்யாணி. நாலாவது தடவைதான் 'கொடுத்தது நான். ஜெபகுமார் மேல் ஒரு குற்றமும் இல்லை. பதவியை விட்டு விலகுகிறேன்' என்று வந்தது. எல்லோருக்கும் அனுப்பினார்.

ஜானகிராமன், ராஜினாமா ஏற்கப்பட்டது என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். சாராள், 'சொன்னதற்கு நன்றி. மன்னிக்க எனக்கு நாளாகும்' என்று எழுதியிருந்தார். ஜெபகுமாரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் பொறுத்துவிட்டு, "கோபம் போல. ஒரு வரி பதில் போடலை பாரு" என்றார்.

கல்யாணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அவருக்கு எப்படிப்பா வந்திருக்கும்? லிஸ்ட்லேர்ந்து அவர் பேரை நீங்கதானே எடுத்தீங்க?"

அடுத்த பஸ்ஸில் சதுரங்கப்பட்டினம் போனார். சென்டரில் ஆறு கம்ப்யூட்டர், மூன்றில்தான் ஆள். சுவரில் பெரிய எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'உங்கள் மெயில் விவரங்களை நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை.' போன மாதம் அது அங்கே இல்லை.

"வாங்க சார். பிரவுசிங்கா, பிரிண்ட்டா?" என்றான் ஜெபகுமார். குரலில் கோபம் இல்லை. கடைக்கு வருகிற எவரையும் கேட்பது போலக் கேட்டான்.

அவர் குனிந்து, "லிஸ்ட்டைக் குடுத்தது நான்தாம்பா. எல்லாருக்கும் மெயில் போட்டுட்டேன்" என்று முணுமுணுத்தார்.

"மெயில் வேணாம் சார். ஊர்ல பாதிப் பேரு இங்க வர்றதையே வுட்டுட்டாங்க. இங்க மூணு பேரு உக்காந்துகினு கீறாங்க. அவங்க காதுல வுழற மாரி சொல்லுங்க."

சுப்புராமன் திரும்பினார். காலேஜ் பெண் ஒருத்தி, மீன் கம்பெனிக்காரர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். "அந்தப் பட்டியலை வெளிய குடுத்தது நான். தெரிஞ்சே இவர் மேல பழியைப் போட்டேன்" என்றார். கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசிப் பழகிய குரல் உடைந்தது. மூன்று பேரும் அவரை முழுசாக ஒருமுறை பார்த்துவிட்டுத் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் சுவருக்குப் போய் அந்தக் காகிதத்தின் ஒரு மூலையைப் பிரித்தார்.

"அது இருக்கட்டும் சார்" என்றான் ஜெபகுமார். "அதுல பொய் ஒண்ணும் இல்லியே."

சுப்புராமன் அந்த மூலையைப் பழையபடி ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திவிட்டு வெளியே வந்தார்.